உட்பொதி கருவிக்கு எந்த இயங்குதளம், எந்த நிரல்மொழி? சிங்கப்பூரில் கருவி செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"லினக்ஸ் போடலாமா, ஃப்ரீஆர்டிஓஎஸ் போதுமா? சி-யிலேயே எழுதட்டுமா, ரஸ்ட் கற்றுக்கொள்ளட்டுமா?" எம்பெடட் வேலையில் (ஒரு பொருளுக்குள் பொதிந்து அதை இயக்கும் சிறு கணினியைச் செய்யும் வேலையில்) புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான் (லினக்ஸும் ஃப்ரீஆர்டிஓஎஸ்-உம் இயங்குதளங்கள், சி-யும் ரஸ்டும் நிரல்மொழிகள்). கேள்வியில் தப்பில்லை, கேட்கும் நேரம்தான் சரியில்லை. இயங்குதளமும் நிரல்மொழியும் கடைசியில் கிடைக்க வேண்டிய விடைகள். பக்கத்தில் ஆளில்லாத நேரத்தில் கருவிக்கு என்னென்ன நேரும், அப்போது அது என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் தீர்த்துவிட்டால், தேர்வுகளில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

வெறும் கொள்கையாகப் பேசாமல் மூன்று கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். மூன்றுமே நம் ஊரில் யாராவது கேட்கக்கூடியவை. முதலாவது, சிராங்கூன் சாலைப் பக்கம் தோசை மாவு விற்கும் கடையில், குளிர்பெட்டியின் வெப்பநிலை ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி. இரண்டாவது, வீவக புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளக்கும், பேட்டரியில் ஓடும் கருவி. மூன்றாவது, சாப்பாட்டுக் கடையில் வரிசை எண்ணைக் காட்டும் பெரிய திரை.

படி 1: கருவியின் மோசமான நாளை எழுதி வையுங்கள்

கருவி என்ன செய்யும் என்று எல்லாரும் எழுதுவார்கள். அதற்குக் கீழேயே, எது நடந்தால் கருவி பேசாமல் போகும் என்பதையும் எழுதுங்கள். மின்சாரம் போவது, நெட் போவது, சென்சார் கம்பி கழல்வது, யாரோ பிளக்கைப் பிடுங்கிக் கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவது, எல்லாமே அதில் இருக்கட்டும்.

"மெயின் சுவிட்ச் விழுந்துட்டா இது எப்படி தம்பி எனக்குச் சொல்லும்?" என்று மாவுக் கடை அக்கா கேட்டால், அந்தக் கேள்விக்குள் பாதி வடிவமைப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் ஊர் முழுக்க மின்சாரம் போவது அரிது. கடைக்குள் ஏதோ ஒரு சாதனத்தில் கசிவு ஏற்பட்டு மெயின் விழுவது அப்படி அரிதல்ல. விழுந்தால் குளிர்பெட்டியோடு வைஃபை ரவுட்டரும் சேர்ந்து அணையும். எந்த நேரத்துக்காகக் கருவியை வாங்கினாரோ, அந்த நேரத்தில் அது வாயைத் திறக்காது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கருவிக்குச் சொந்தப் பேட்டரியும் சிம் அட்டையும் கொடுப்பது. மற்றது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று கருவி சர்வருக்குச் சொல்லட்டும், மூன்று முறை தொடர்ந்து சத்தம் வராவிட்டால் சர்வரே அக்காவுக்குச் செய்தி அனுப்பட்டும். இரண்டாவதில் கருவியில் கூடுதல் பாகம் எதுவும் வேண்டாம். நான் அதைத்தான் எடுப்பேன். இதுவரை எந்த இயங்குதளத்தின் பெயரும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 2: ரேடியோவை முடிவு செய்யுங்கள்

இதை இவ்வளவு சீக்கிரம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரேடியோ சில்லைத் தேர்ந்தெடுத்தால், அதன் தயாரிப்பாளர் தரும் மென்பொருள் தொகுப்பு இயங்குதளத்தையும் கூடவே இழுத்து வந்துவிடும். எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 வைஃபை சில்லை எடுத்தால், அதன் ஈஎஸ்பி-ஐடிஎஃப் தொகுப்பு ஃப்ரீஆர்டிஓஎஸ் மேல்தான் நிற்கிறது. நார்டிக்கின் புளூடூத் சில்லுகளுக்கு அந்நிறுவனம் இப்போது தரும் தொகுப்பு செஃபிர் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. அந்த ஓட்டத்துக்கு எதிராக நீந்தி வேறொரு இயங்குதளத்தைப் பொருத்த முடியாமல் இல்லை. ஆனால் வைஃபை தடுமாறும் நாளில் உங்களுக்கு உதவ ஆள் இருக்காது.

சிங்கப்பூருக்கே உரிய சில விஷயங்களும் இந்தப் படியில் வரும். இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரல் 1 அன்று நிறுத்தப்பட்டது, 2024இல் 3ஜியும் போனது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிம்800எல் போன்ற ஜிஎஸ்எம் பலகைகள் 2ஜி மட்டுமே பேசும். வெளியூர்க் காணொளி ஒன்றைப் பார்த்து அதை வாங்கினால், இங்கே அலைவரிசை தேடிக்கொண்டே இருக்கும். சிம் வேண்டுமென்றால் என்பி-ஐஓடி (சிறு கருவிகளுக்கான கைப்பேசி நெட்வொர்க்) அல்லது 4ஜி தொகுதி வாங்குங்கள். லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குச் சிறு தரவு அனுப்பும் ரேடியோ) என்றால் இங்கே பயன்படுத்த வேண்டியது 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் பட்டை, லோரா மேல் ஓடும் லோராவான் நெட்வொர்க் முறையில் ஏஎஸ்923 திட்டம். அமெரிக்காவுக்கான 915 அமைப்போடு வரும் மாதிரி நிரலை அப்படியே ஏற்றாதீர்கள். ரேடியோ உள்ள கருவியை விற்கப் போகிறீர்கள் என்றால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் நேரத்தையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

நம் மூன்று கருவிகளில் மாவுக் கடைக்கு வைஃபை போதும், ஆகவே ஈஎஸ்பி32. தோட்டத்துக்கு லோரா. எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் எஸ்டிஎம்32டபிள்யூஎல் சில்லில் லோரா ரேடியோ உள்ளேயே இருக்கிறது. திரைக்கு ஈதர்நெட் கம்பி இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை நிறைய ஆட்களும் கைப்பேசிகளும் இருக்கும்போது வைஃபையை நம்பி இருக்க வேண்டாம்.

படி 3: மின்சாரக் கணக்கு

சுவரிலிருந்து மின்சாரம் வந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். பேட்டரி என்றால் இதுதான் தலைமைக் கணக்கு. தோட்டக் கருவியை எடுத்துக்கொள்வோம். கையில் 2,400 மில்லியாம்ப்-மணி பேட்டரி இருக்கிறது. உறங்கும்போது 10 மைக்ரோஆம்ப் இழுக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 2 வினாடி வேலை செய்து, அப்போது சராசரி 40 மில்லியாம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நாளுக்கு 96 முறை விழிக்கும், மொத்தம் 192 வினாடி. அது 2.13 மில்லியாம்ப்-மணி. உறக்கத்துக்கு 0.24. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 2.37. பேட்டரியை இதால் வகுத்தால் ஆயிரம் நாளுக்குச் சற்று மேல் வரும். பேட்டரி தானாக இறங்குவதைக் கழித்தாலும் இரண்டு ஆண்டு தாராளமாக ஓடும்.

இதையே வைஃபையில் செய்து பாருங்கள். விழித்து, ரவுட்டரோடு இணைந்து, அனுப்பி, மறுபடி உறங்க 3 வினாடி, சராசரி 120 மில்லியாம்ப் என்றால் ஏறத்தாழ 244 நாள். அதே வேலைக்கு 8 வினாடி எடுத்தால் 93 நாள். பேட்டரியும் சில்லும் மாறவில்லை. இயங்குதளம் எழுந்து நிற்கும் நேரம், நூலகங்களை ஏற்றும் நேரம், முகவரி கேட்டுக் காத்திருக்கும் நேரம் எல்லாம் இந்த 8 வினாடிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. மைக்ரோபைதானில் (சிறு சில்லுகளில் ஓடும் பைதான்) எழுதிய நிரல் விழித்தவுடன் முதலில் தன் நிரல் கோப்புகளைத் திறந்து மொழிபெயர்க்கத் தொடங்கும். முன்கூட்டியே கம்பைல் செய்து சில்லில் பதித்தால் அந்த நேரம் குறையும். பேட்டரிக் கருவிக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய எண் இதுதான், வேகப் போட்டி அட்டவணைகள் அல்ல.

ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ சும்மா இருக்கும்போதே 100 மில்லியாம்ப் அளவில் இழுக்கும். வோல்ட் வேறுபாட்டை விட்டுத் தள்ளினாலும், அந்தப் பேட்டரியில் ஒரு நாள். தோட்டத்துக்கு லினக்ஸ் இல்லை என்று இங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

படி 4: நினைவகக் கணக்கு

ஆர்டுவினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்கு ரேம் 2 கேபி. பரவலாகக் கிடைக்கும் எஸ்டிஎம்32எஃப்103-க்கு 20 கேபி. ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்பி2040-க்கு 264 கேபி, ஈஎஸ்பி32-க்கு 520 கேபி. இந்த எண்களைப் பார்த்துவிட்டு "என் நிரல் சின்னதுதானே" என்று சொல்பவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: குறியாக்கம்.

சர்வரோடு பாதுகாப்பாகப் பேச டிஎல்எஸ் வேண்டும். டிஎல்எஸ்-இல் ஒரு பதிவின் அதிகபட்ச அளவு 16 கேபி. எம்பெட்-டிஎல்எஸ் நூலகத்தை அப்படியே பயன்படுத்தினால், வரும் தரவுக்கு 16, போகும் தரவுக்கு 16 என இடையகத்துக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) மட்டுமே 32 கேபி போய்விடும். 20 கேபி சில்லில் கதவைத் திறக்கும் முன்பே இடம் முடிந்தது. இடையகத்தைச் சுருக்கலாம், ஆனால் எதிர்முனைச் சர்வர் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இந்தச் சண்டைக்குப் பதிலாக, இன்னும் சில வெள்ளி கொடுத்துப் பெரிய சில்லை வாங்குவது லாபம். ஆயிரக்கணக்கில் தயாரிப்பவர்களுக்குத்தான் அந்த வெள்ளி முக்கியம்.

மற்றக் குறைந்தபட்ச அளவுகளும் தெரிந்திருக்கட்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ் கருவின் (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) அளவு 10 கேபியை ஒட்டித்தான் இருக்கும், கூடவே ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (தனித்தனியாக ஓடும் வேலை) ஒரு ஸ்டாக் (அதன் தற்காலிக நினைவிடம்). மைக்ரோபைதானுக்கு 256 கேபி நிரல் இடமும் 16 கேபி ரேமும் போதும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அது உயிரோடு இருக்கப் போதும், வேலை செய்ய அதைவிட நிறைய வேண்டும். லினக்ஸ் என்றால் 64 எம்பிக்குக் கீழே இறங்கி அவதிப்பட வேண்டாம்.

படி 5: எவ்வளவு தாமதம் தாங்கும்?

"ரியல்டைம்" என்றால் வேகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சொன்ன நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் நடப்பதுதான் அது. குளிர்பெட்டிச் செய்தி ஒரு வினாடி தாமதித்தால் மாவு புளித்துவிடாது. திரையில் எண் கால் வினாடி கழித்து மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மோட்டாரை ஓட்டும் கருவியில் ஒரு மில்லிவினாடி தவறினால் பல்சக்கரம் போய்விடும்.

கார்டெக்ஸ்-எம்3 சில்லு ஓர் இன்டரப்ட் (உடனே கவனிக்கச் சொல்லும் குறிப்பு) வந்ததும் 12 கடிகாரத் துடிப்பில் அதற்குரிய நிரலுக்குள் நுழைந்துவிடும். 72 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மைக்ரோவினாடியில் ஆறில் ஒரு பங்கு. சாதாரண லினக்ஸில் பெரும்பாலும் விரைவாக நடக்கும், ஆனால் எப்போதாவது சில மில்லிவினாடி காணாமல் போகும். ப்ரீஎம்ட்-ஆர்டி என்ற மாற்றம் இதைச் சீராக்குகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியே வளர்ந்த அந்த வேலை, 2024இல் வந்த 6.12 பதிப்பில் முதன்மை லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்துவிட்டது. அப்படியும், கடுமையான நேரக்கெடு உள்ள வேலையை ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலரிடம் (செயலியும் நினைவகமும் ஒன்றாக உள்ள சில்லு) கொடுத்துவிட்டு, லினக்ஸை மேலாளராக மட்டும் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

படி 6: லினக்ஸ் வேண்டுமா, வேண்டாமா

மொத்த வழியிலும் பெரிய கிளை இதுதான். லினக்ஸை எடுக்க நான் ஏற்கும் காரணங்கள் சில மட்டுமே: பெரிய திரை, கேமரா, தரவுத்தளம், பல நெட்வொர்க் சேவைகள் ஒரே நேரத்தில், அல்லது ஏற்கெனவே லினக்ஸில் எழுதி வைத்த பெரிய மென்பொருள். "எனக்குப் பைதான் தெரியும்" என்பது காரணம் அல்ல, பைதான் சிறிய சில்லிலும் ஓடும்.

வரிசை எண் திரை இந்தப் பட்டியலில் வருகிறது. முழுத்திரையில் குரோமியம் உலாவி, பின்னால் ஒரு சின்னச் சர்வர், தமிழ் எழுத்துரு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்றால் லினக்ஸ்தான். மைக்ரோகண்ட்ரோலரில் தமிழைக் காட்ட முயன்றவர்களுக்குத் தெரியும், "கொ" என்ற ஓர் எழுத்துக்கு ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுவர எழுத்துத் துண்டுகளை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்று வேண்டும் என்று. லினக்ஸில் ஹார்ஃப்பஸ் அதைச் சத்தமில்லாமல் செய்து தருகிறது.

லினக்ஸ் என்று முடிவானால், எந்த லினக்ஸ்? முன்மாதிரிக்கு ராஸ்பெரி பை ஓஎஸ் தாராளமாகப் போதும். பத்துக் கடைகளில் மாட்டப் போகிறீர்கள் என்றால் பில்ட்ரூட் அல்லது யோக்டோ (வேண்டியதை மட்டும் வைத்து லினக்ஸைக் கட்டித் தருபவை). பில்ட்ரூட்டை ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். யோக்டோ அப்படி இல்லை, முதல் மாதம் அழவைக்கும். ஆனால் பல மாதிரிக் கருவிகளைப் பல ஆண்டுகள் பராமரிக்கும் குழுவுக்கு அது கைகொடுக்கும். 2024 ஏப்ரலில் வந்த யோக்டோ 5.0 நீண்டகாலப் பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு அறிவித்திருக்கிறார்கள். இத்தகைய தேதியை உங்கள் கருவி கடையில் இருக்கப்போகும் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். கடை ஊழியர் இரவு பூட்டும்போது லினக்ஸை ஒழுங்காக ஷட்டவுன் செய்யப் போவதில்லை, சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை கெடும். முதன்மைப் பகிர்வை (அட்டையில் இயங்குதளம் இருக்கும் பகுதி) படிக்க மட்டும் என்று பூட்டி, எழுத வேண்டியதற்குத் தனிப் பகிர்வு கொடுங்கள்.

படி 7: லினக்ஸ் இல்லையென்றால்

முதலில், இயங்குதளமே வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு சென்சாரைப் படித்து, அனுப்பி, உறங்கும் கருவிக்கு முடிவில்லாமல் சுற்றும் ஒரே வளையம் போதும். தோட்டக் கருவி அப்படித்தான். எஸ்டி தரும் லோராவான் தொகுப்பே ஆர்டிஓஎஸ் (நேரக்கெடுவோடு வேலைகளை ஓட்டும் சிறு இயங்குதளம்) இல்லாமல் ஓடக்கூடியது. இயங்குதளம் இல்லாதது தொழில் தெரியாததன் அடையாளம் என்று சிலர் நினைப்பது வேடிக்கை.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலைகள், அவற்றில் ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்று நகர வேண்டும் என்ற நிலை வந்தால் ஆர்டிஓஎஸ். ஃப்ரீஆர்டிஓஎஸ் 2003 வாக்கில் ரிச்சர்ட் பேரி தொடங்கியது. 2017இல் அமேசான் பொறுப்பேற்றது, உரிமம் எம்ஐடி என்ற திறந்த மூல உரிமம். ஒரே நாளில் அடிப்படையைப் புரிந்துகொள்ளலாம். அது தருவது டாஸ்க், வரிசை, மியூட்டெக்ஸ் (ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்தவிடும் பூட்டு), டைமர் அவ்வளவுதான். மற்றதெல்லாம் சில்லு தயாரிப்பாளரின் கையில்.

செஃபிர் வேறு வகை. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016இல் வந்தது. டிரைவர், புளூடூத், நெட்வொர்க், கோப்பு முறைமை என எல்லாம் ஒரே கூரையின் கீழ். லினக்ஸ் உலகின் டிவைஸ்ட்ரீ (வன்பொருள் விவரக் கோப்பு), கேகான்ஃபிக் (வேண்டிய வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை) இரண்டையும் எடுத்துக்கொண்டதால் முதல் விளக்கை மினுக்க வைக்கவே ஒரு மாலை போய்விடும். ஆனால் சில்லுத் தட்டுப்பாடு வந்து வேறு தயாரிப்பாளரின் சில்லுக்கு மாற வேண்டிய நாளில், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரு பலகை விவரக் கோப்புதான். ஒரே பொருளை நீண்ட காலம் விற்கப் போகிறவர்களுக்குச் செஃபிர், ஒரே சில்லில் ஒரு வேலையை முடிக்க வேண்டியவர்களுக்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பேன்.

இயங்குதளத்தின் சொந்தக்காரர் யார் என்றும் பாருங்கள். த்ரெட்எக்ஸ் 2019இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது, பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு வந்தது. அது நல்ல முடிவு. எம்பெட் ஓஎஸ் கதை அப்படி இல்லை: 2026 ஜூலையோடு நிறுத்துவதாக ஆர்ம் நிறுவனம் 2024இல் அறிவித்தது. அதில் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். விமானம், மருத்துவம், வாகனம் என்றால் விஎக்ஸ்வர்க்ஸ், கியூஎன்எக்ஸ் போன்ற காசு கொடுத்து வாங்கும் இயங்குதளங்கள் வரும். சான்றிதழ் ஆவணங்களுக்குத்தான் அங்கே பணம்.

ஆர்டிஓஎஸ் எடுத்தவர்கள் முன்னுரிமைத் தலைகீழ் என்ற சிக்கலைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் தானாகவே திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலை அளக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்று மியூட்டெக்ஸைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க் ஒன்று அதை ஓடவிடாமல் இடைமறித்தது. அந்த மியூட்டெக்ஸுக்காக உயர்ந்த டாஸ்க் காத்துக் கிடந்து கெடு தவறியது. கண்காணிப்பு முறை எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. கலத்தில் ஓடிய விஎக்ஸ்வர்க்ஸில் முன்னுரிமை மரபு (காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையை, பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்குத் தற்காலிகமாகத் தருவது) என்ற வசதி அந்த மியூட்டெக்ஸுக்கு அணைந்திருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் மியூட்டெக்ஸுக்கு இந்த வசதி உண்டு, அதைப் போலவே தோன்றும் பைனரி செமஃபோர் என்ற சைகைக்குக் கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படி 8: இப்போது மொழி

1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி இன்னும் அசையாமல் இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. சில்லுத் தயாரிப்பாளர் தரும் ஒவ்வொரு டிரைவரும், மாதிரி நிரலும், பிழைப்பட்டியலில் சொல்லும் மாற்றுவழியும் பெரும்பாலும் சி-யில்தான் வருகின்றன. ஆட்டோமொபைல் துறைக்காக 1998இல் வந்த மிஸ்ரா விதிகள் போன்ற கட்டுப்பாடுகளும், நிரலைச் சோதிக்கும் கருவிகளும் நிறைய. ஒன்றும் தோன்றாவிட்டால் சி எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்.

சி++ என்றால் பயப்படுகிறவர்கள், ஆர்டுவினோவில் எழுதுவது சி++தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எக்ஸெப்ஷனை (பிழை நேர்ந்தால் தாவிச் செல்லும் வசதி) அணைத்து, ஓடும்போது நினைவகம் கேட்பதைத் தவிர்த்து எழுதினால் சி-யைவிட ஒழுங்கான நிரல் கிடைக்கும். குழுவில் எல்லாரும் ஒரே அளவு கட்டுப்பாட்டோடு எழுதினால்தான்.

ரஸ்ட் மீது எனக்கு மரியாதை உண்டு. தன் மென்பொருள்களில் திருத்தப்படும் பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. ரஸ்ட் அந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதியைக் கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும். ரஸ்டில் வன்பொருளோடு பேசுவதற்கான எம்பெடட்-ஹால் இடைமுகம் 2024 ஜனவரியில் 1.0 பதிப்பை எட்டியது, கார்டெக்ஸ்-எம் சில்லுகளில் இன்று தைரியமாகப் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் நிரல்தான் அதற்கு ஏற்ற முதல் இடம். தயக்கம் ஆள் விஷயத்தில். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வரும் இளையர்களிடம் சி-யும் பைதானும் இருக்கும், ரஸ்ட் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் வேலை மாறிப்போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு விடை இருந்தால் தாராளமாக எடுங்கள்.

மைக்ரோபைதான் 2013இல் டேமியன் ஜார்ஜ் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கியது. சென்சாரைப் பரிசோதிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. பலகையில் செருகி, தட்டச்சு செய்து, அடுத்த நொடியே வெப்பநிலையைப் பார்த்துவிடலாம். சிம் லிம் டவரில் வாங்கிய சென்சார் சரியானதா என்று அன்று மாலையே தெரிந்துவிடும். சுவர் மின்சாரத்தில் ஓடும், எண்ணிக்கை குறைவான கருவிகளுக்கு அதையே கடைசிவரை வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

மொழிகள் எங்கே வேறுபடுகின்றன என்று கிட்டே போய்ப் பார்க்க ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். கருவி தொடங்கியதிலிருந்து மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி, 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். "இப்போதைய எண், குறித்து வைத்த எண்ணைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்கும் நிரல் மேசையில் ஒரு மாதம் அழகாக ஓடும், ஐம்பதாம் நாள் குழம்பும். "இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்தால் இடைவெளியைவிடப் பெரிதா?" என்று கேட்டால் பிழையில்லை. சி-யில் குறியில்லா (எதிர்ம மதிப்பு எடுக்காத) எண்களுக்கு இந்தக் கழித்தல் ஒழுங்காகச் சுற்றி வரும், ஆனால் முதல் வகையில் எழுதினால் கம்பைலர் உங்களை எச்சரிக்காது. ரஸ்டில் குறித்து வைக்கும் எண்ணைக் கூட்டும்போது வழிந்தால், சோதனைக் கட்டமைப்பில் நிரல் அங்கேயே நின்று சொல்லும். வெளியீட்டுக் கட்டமைப்பில் இயல்பாகச் சத்தமில்லாமல் சுற்றிவிடும், ஆகவே சுற்றுவது தெரிந்தே நடக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். மைக்ரோபைதானில் எண்ணுக்கு உச்ச வரம்பில்லை என்று நம்பிக் கழித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கும் எண்ணி சுற்றும், அதற்கென்றே வைத்திருக்கும் டிக்ஸ்-டிஃப் செயல்கூறைத்தான் அழைக்க வேண்டும். மொழி எதுவானாலும் எண்ணியை நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கவைத்துச் சோதிப்பது கட்டாயம்.

லினக்ஸ் பக்கம் மொழிக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். திரைக்குப் பைதான் அல்லது கோ. இரண்டில் கோ ஒரே கோப்பாக வந்துவிடுவதால் கடைகளுக்கு அனுப்புவது எளிது.

மாவுக் கடைக் கருவியை மைக்ரோபைதானில் சோதித்து, சி-யில் ஈஎஸ்பி-ஐடிஎஃப் கொண்டு எழுதுவேன். தோட்டத்துக்குச் சி, வெறும் வளையம்.

படி 9: புதுப்பிக்கும் வழி இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்

2016 அக்டோபரில் ஸ்டார்ஹப் பிராட்பேண்ட் இரண்டு முறை தடுமாறியது. வாடிக்கையாளர்களின் வீட்டில் இருந்த, தொற்றுக்கு ஆளான கேமரா, ரவுட்டர் போன்ற கருவிகளிலிருந்து தாக்குதல் வந்ததாக அந்நிறுவனம் விளக்கியது. இந்த வகைக் கருவிகளைத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வைத்தே கைப்பற்றும் மிராய் நிரல் உலகெங்கும் பரவிய ஆண்டும் அதுதான். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் நான்கு நிலைப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் நிலையே கேட்பது, எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்பவைதான். வைஃபை ரவுட்டர்களுக்கு இது கட்டாயம், மற்றவற்றுக்கு விருப்பம். நீங்கள் முத்திரைக்கு விண்ணப்பிக்காவிட்டாலும் முதல் நிலையை வடிவமைப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இதன் பொருள், நிரலுக்கு இரண்டு இடம். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றில் புதியதை எழுதி, அது உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதிலிருந்து எழுந்து, சர்வரோடு பேச முடிந்தால் மட்டும் "இதுதான் இனி" என்று உறுதி செய்ய வேண்டும். முடியாவிட்டால் பழையதற்கே திரும்ப வேண்டும். ஈஎஸ்பி-ஐடிஎஃப் இதை உள்ளேயே தருகிறது. செஃபிரில் எம்சியூபூட், லினக்ஸில் ரௌக் அல்லது மெண்டர். ஆகவே 256 கேபி ஃபிளாஷ் என்று சில்லுப் பெட்டியில் போட்டிருந்தால் உங்கள் நிரலுக்குப் பாதிதான் என்று நான்காம் படிக்குப் போய்த் திருத்துங்கள்.

நீண்டகாலக் கருவிக்கு இன்னொன்று. 32 பிட் நேர எண்ணி 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 11:14:07-க்கு நிரம்பும். இன்று மாட்டும் கருவி அதுவரை சுவரில் இருக்கலாம். லினக்ஸ் கருவும் சி நூலகமும் 64 பிட் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 10: கடையில் மாட்டும் முன்

மேசையில் வேலை செய்வது ஒரு சான்றல்ல. இரண்டு வாரமாவது நிஜ இடத்தில், குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஓடி நிற்கும் அதே பிளக்கில் ஓடவிடுங்கள். கம்ப்ரசர் தொடங்கும் நொடியில் வரும் மின்னழுத்தச் சரிவு, எந்த இயங்குதளத்தையும் தடுமாற வைக்கும். வாட்ச்டாக்கை (நிரல் உறைந்தால் கருவியை ரீசெட் செய்யும் கடிகாரம்) இயக்கி வைத்து, ஒவ்வொரு ரீசெட்டின் காரணத்தையும் சில்லின் பதிவேட்டிலிருந்து படித்துச் சர்வருக்கு அனுப்புங்கள். மின்சாரச் சரிவா, வாட்ச்டாக்கா, நிரலே கேட்டதா என்று அது சொல்லிவிடும்.

பிறகு கெடுக்கத் தொடங்குங்கள். புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ரவுட்டரை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். சென்சார் கம்பியைக் கழற்றுங்கள், அப்போது கருவி 0 டிகிரி என்று சொன்னால் அது பொய், "சென்சார் இல்லை" என்று சொல்ல வேண்டும். கடைசியாக மெயின் சுவிட்சை அக்காவையே இறக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்தால் மாட்டிவிட்டு, கம்பைலர் பதிப்பு, தொகுப்பின் பதிப்பு, கையொப்பச் சாவி எங்கே இருக்கிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்து வையுங்கள்.